தோற்கப் போன ஆட்டம்

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பர் துபாயில் மீனா பஜாருக்குள் இருக்கும் ஒரு செருப்புத் தைக்கும் கடையில் என் பேஸ்பால் கிளவுஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். விரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தோல்வார் அறுந்துவிட்டது. கடைக்காரர் ராஜஸ்தான்காரர். கிளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையை உள்ளே விட்டு விரல்களை ஆட்டினார். பிறகு இந்தியில் கேட்டார்.

"பாய், இது விக்கெட் கீப்பர் போடுறதுதானே? இன்னொண்ணு எங்கே?"

"இன்னொண்ணு கிடையாது பாய். இந்த ஆட்டத்தில் ஒரு கைக்குத்தான் கிளவுஸ்."

"அப்ப அந்த இன்னொரு கை பாவம்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. என் சொந்த அண்ணனே நான் துபாயில் கிரிக்கெட் ஆடுகிறேன் என்றுதான் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படிச் சொன்னால்தான் கேட்கிறவர்கள் அடுத்த கேள்வி கேட்காமல் இருப்பார்களாம். ஆகவே ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சேவியர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் ஊர். நான் சம்பளம் வாங்கி பேஸ்பால் ஆடுகிறவன். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

மைதானத்தில் ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளில் நான்கு பேஸ். பந்தை அடித்தவன் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். அந்தச் சதுரத்தை ஒட்டி நின்று அவனைச் சுற்றவிடாமல் மறிக்கிறவர்களுக்கு இன்ஃபீல்டர் என்று பெயர். நான் அதில் ஒருவன். இரண்டாவது பேஸ் என்னுடையது. அடிக்கிறவனுக்குப் பெயர் கிடைக்கும், எறிகிறவனுக்குப் பணம் கிடைக்கும், எங்களுக்கு முழங்கால் வலி கிடைக்கும். தரையில் உருண்டு வருகிற பந்தைக் குனிந்து பொறுக்குவதுதான் வேலை.

ஆனால் என் விசாவில் ஸ்டோர் கீப்பர் என்று போட்டிருக்கிறது.

சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருந்தது. அதற்காகத்தான் வார் தைக்கக் கொடுத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தில் தோற்றுப்போவது என்று நான் அதற்கு ஒரு வாரம் முன்பே முடிவு செய்திருந்தேன். தோற்கப் போகிறவனுக்குக் கிளவுஸ் அறுந்திருந்தால் என்ன, அறாமல் இருந்தால் என்ன? அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என் புத்தியில் ஏறவே இல்லை. தைத்து முடித்ததும் வாரை இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கித் தாருங்கள் என்று வேறு கேட்டேன்.

2

நான் கல்லூரியில் கிரிக்கெட் ஆடத்தான் போனேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல, மணலில் டென்னிஸ் பந்தை அடித்து வளர்ந்தவன். கல்லூரி அணித் தேர்வில் என் பெயர் வரவில்லை. பி.டி. மாஸ்டர் என்னையும், என்னைப் போலவே கழித்துவிடப்பட்ட கிங்ஸ்லியையும் கூப்பிட்டு, "ஏல, ரெண்டு பேரும் கையைக் காட்டுங்கல" என்றார். காட்டினோம். "பந்து நிக்கிற கைதான். நாளைக்கு பேஸ்பாலுக்கு வந்திருங்க" என்றார். அது என்ன ஆட்டம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் இடம் கிடைக்காதவன் ஹாக்கிக்குப் போவான், அதிலும் கிடைக்காதவன் கைப்பந்துக்குப் போவான், எதிலும் கிடைக்காதவனை அள்ளிப் போடுகிற கூடைதான் எங்கள் கல்லூரியில் பேஸ்பால்.

ஆனால் அதில் ஒரு லாபம் இருந்தது. கூட்டம் இல்லாத ஆட்டம் என்பதால் மாநில அணிக்குச் சீக்கிரம் போய்விடலாம். மாநில சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் பக்கம் பாதிப் பேர் சர்டிபிகேட்டுக்காகத்தான் ஆடினார்கள். வேலை கிடைத்த மறுநாளே கிளவுஸைப் பரணில் போட்டுவிட்டு பைல் கட்டத் தொடங்கிவிடுவார்கள். எனக்கும் மதுரையில் கிளார்க் வேலை கிடைத்தது. கிங்ஸ்லி படித்து நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆனான்.

நான் செய்த ஒரே கோளாறு, கிளவுஸைப் பரணில் போடாததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஆடுகிறார்களா என்று தேடிக்கொண்டு அலைவேன். அப்போதுதான் மச்சான் முறை உள்ள ஒருவர் துபாயிலிருந்து பேசினார். இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிகள் கிரிக்கெட் டீம் வைத்திருக்கும். நன்றாகப் பந்து வீசுகிறவனை ஊரிலிருந்து கூட்டிவந்து, ஆபீஸ் பாய் என்றோ டைப்பிஸ்ட் என்றோ விசா அடித்து, விடுமுறை நாட்களில் ஆடவிடுவார்கள். ஜெபல் அலியில் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் முதலாளி அமெரிக்காவில் படித்தவர். அவருக்கு கிரிக்கெட் பிடிக்காது, பேஸ்பால் பைத்தியம். கிடங்கில் வேலையும் செய்ய வேண்டும், பேஸ்பாலும் ஆட வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அரசு வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினேன். வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. என் மனைவி மெர்லின் அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் ஜெனியைத் தூக்கி வைத்திருந்தாள். "உங்களுக்கு அதுதான் சந்தோசம்னா போங்க" என்றாள். அதுதான் சந்தோஷம், நானும் போய்விட்டேன்.

சில வருஷம் கழித்து இங்கே சம்பள லீக் ஒன்று தொடங்கியது. எங்கள் முதலாளியும் ஒரு அணியை வாங்கினார். வெனிசுலா, டொமினிகன், ஜப்பான் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு அணியிலும் இந்தியா, பாகிஸ்தான் என்று நம் பக்கத்து ஆட்கள் சிலராவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். எங்கள் கம்பெனியில் விசா, கேன்சல், பாஸ்போர்ட் சமாச்சாரம் எல்லாம் பார்க்கிற மலையாளி நாசர் இக்கா என்னிடம் வந்து கையைக் குலுக்கி, "சேவியரே, நீ இப்ப கோட்டாவிலே கேறி" என்றார். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை உதறிவிட்டு ஓடிவந்தவன் கடல் தாண்டி இன்னொரு கோட்டாவில் வந்து உட்கார்ந்தேன்.

3

லீக் நடப்பது குளிர்காலத்தில் கொஞ்ச நாள்தான். அந்த நாட்களில் எனக்கும் முதுகில் பெயர் போட்ட சட்டை உண்டு, பஸ் உண்டு, தசை பிடித்துவிட ஆள் உண்டு. வெனிசுலாக்காரன் பக்கத்தில் நின்று ஆடுவேன். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் உயரமாக எழும்பினால் யார் பிடிப்பது என்று கத்த வேண்டும். அவசரத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது. "விடு, விடு!" என்றுதான் வரும். இப்போது அவனும் "விடு" என்றே கத்துகிறான். உச்சரிப்பு எங்கள் ஊர்க்காரன் மாதிரியே இருக்கிறது.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் போவார்கள். நான் அதே பஸ்ஸில் ஜெபல் அலிக்குத் திரும்புவேன். சட்டையை மாற்றிக்கொண்டு கண்டெய்னர் திறக்கிற இடத்தில் நிற்பேன். போர்க்லிப்டு ஓட்டுகிற நேபாளி, "சாப், நேத்து டிவியில வந்தீங்களே" என்று கேட்டுக்கொண்டே பலகைகளை இறக்குவான். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

மெர்லின் இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஆனால் அவள் விசாவும் ஜெனியின் விசாவும் என் விசாவோடு கட்டியவை. அவள் சம்பளத்தில் பிள்ளையைத் தனியாக ஸ்பான்சர் செய்ய முடியுமா என்று விசா மனு அடித்துக்கொடுக்கிற டைப்பிங் சென்டரில் போய்க் கேட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, முடியாது என்பதை "மாஃபி" என்று ஒரே சொல்லில் முடித்தார். ஆகக்கூடி மூன்று பேரும் ஒரு கிளவுஸில் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் எனக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தால்தான் நடை வருகிறது. அணியில் இது யாருக்கும் தெரியாது. மெர்லினுக்குத் தெரியும், கிளினிக்கிலிருந்து தைலம் கொண்டுவந்து தேய்த்துவிடுவாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கிங்ஸ்லி பேசினான்.

"ஏல, எங்க காலேஜ்ல கோச் போஸ்ட் போடுதாங்க. சேர்மன்ட்ட ஒன்னயப் பத்திச் சொல்லிட்டேன். ஜூன்ல சேரணும். எத்தன நாளைக்கில அங்க பெட்டி எண்ணிக்கிட்டு கெடப்ப?"

எனக்கு அந்தக் கணமே கிளம்பிவிட வேண்டும் போல இருந்தது. காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் விசில் ஊதுகிறேன், முழங்காலைப் பற்றிக் கவலைப்படாமல் நிற்கிறேன். அந்தப் படம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது.

மெர்லினிடம் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஜெனி இப்பதான் பத்து எழுதியிருக்கா. அவ ப்ளஸ் டூ முடிக்கட்டும். ரெண்டு வருசந்தானே, பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடுங்க. அங்க போயி எனக்கு இந்தச் சம்பளம் யாரு குடுப்பா? என்ன சொல்லுதீய?"

ஜெனி அடுத்த அறையிலிருந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். என் ஆட்டம் ஒன்றையும் அவள் வந்து பார்த்ததில்லை. தோழிகளிடம் அப்பா லாஜிஸ்டிக்ஸில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. அமைதியாகத்தான் கேட்டாள்.

"அப்பா, நாகர்கோவில்ல எனக்கு யாரத் தெரியும்? அது வெக்கேஷனுக்குப் போற ப்ளேஸ். அங்க நான் யாரு?"

தைலப் புட்டியை எடுத்து மூடி வைத்தேன்.

4

ஏப்ரலில் எங்கள் விசா முடிகிற தேதி நெருங்கியது. நாசர் இக்கா கூப்பிட்டார். வழக்கமாகச் சிரித்துப் பேசுகிறவர் அன்று மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சேவியரே, இந்த வருஷம் செகண்ட் பேஸுக்கு ஒரு விசாதான் அடிக்கும். நீயா ஷஃபீக்கான்னு அர்பாப் நேரில் பார்த்துத் தீர்மானிக்கும். சனிக்கிழமை ஆட்டம்."

அர்பாப் என்றால் முதலாளி. ஷஃபீக் பெஷாவர் பக்கத்துப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கும் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. விசிட் விசாவில் வந்து, எங்கள் அணியோடு பயிற்சி செய்துகொண்டிருந்தான். தெருவில் டேப் சுற்றிய பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். என்னைவிட வேகமாக ஓடுவான், என்னைவிட நன்றாக அடிப்பான். நான் கற்றுக்கொடுத்த "அண்ணா"வைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவான்.

நாசர் இக்காவின் அறையிலிருந்து வெளியே வந்தபோது என் மனசு எவ்வளவு லேசாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு வழி கிடைத்துவிட்டது. நானாக வேலையை விட்டால், மெர்லினின் சம்பளத்தையும் ஜெனியின் பள்ளியையும் பிடுங்கியவன் நான்தான். காலத்துக்கும் கேட்பார்கள். ஆனால் அணி என்னைக் கழற்றிவிட்டால்? பாவம், வயசாயிடுச்சு, அவர் என்ன செய்வார் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஜெனிக்கு பத்தாவது முடிந்துவிட்டது, ஊரில் பதினொன்றில் சேர்க்கலாம். கிங்ஸ்லி ஜூனில் வரச் சொல்கிறான். எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சனிக்கிழமை மோசமாக ஆடுவதுதான். இந்த வயதில், இந்த முழங்காலோடு, அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை.

கோழைத்தனம்தான். மெர்லின் முகத்தைப் பார்த்து "எனக்கு முடியல, போயிரலாம்" என்று சொல்லத் தைரியம் இல்லாதவன், முகம் தெரியாத ஒரு ஆட்டத்தின் தலையில் அந்தப் பழியைப் போடப் பார்த்தேன்.

கிங்ஸ்லிக்குப் போன் செய்து, "எனக்காக ஒரு வாரம் அந்தப் போஸ்ட்டைப் பிடிச்சு வை, சனிக்கிழமை ஆட்டத்துல தோக்கப் போறேன்" என்றேன்.

"வாரியாடா நெசமா?"

"வாரேன்."

5

ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் ஆடி வளர்ந்த எங்களுக்கு பேஸ்பாலில் ஒரு வியாதி உண்டு. எங்கள் காலுக்கு கிரீஸ் என்றால் தாண்டுகிற கோடு. உயிரைக் கொடுத்து ஓடி, கோட்டைத் தாண்டி, அதே வேகத்தில் இன்னும் பத்தடி போய், மெதுவாகத் திரும்பி மட்டையில் சாய்ந்து நிற்போம். முதல் பேஸில் அப்படித் தாண்டி ஓடலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் காலை பேஸ் மீதே வைத்திருக்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால், பந்து வைத்திருக்கிறவன் வந்து தொட்டதும் அவுட். அமெரிக்காக்காரனோ ஜப்பான்காரனோ இந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் பேஸைப் பார்த்ததும் சறுக்கி விழுந்து காலால் கொக்கி போட்டுக்கொள்வார்கள். நாங்கள்தான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் தாண்டிப் போவோம்.

இங்கே வந்த முதல் வருஷம்கூட நான் அப்படி எத்தனையோ முறை அவுட் ஆகியிருக்கிறேன். எங்கள் கோச் ரமோன் டொமினிகன்காரர். வருஷம் முழுக்க இங்கேயே இருப்பார். என்னை ஒரு நாள் இரண்டாவது பேஸ் மீது நிற்கவைத்து, பயிற்சி முடிகிறவரை இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு என் கால் பேஸை விட்டு நகர்ந்ததில்லை.

சனிக்கிழமை, வெயில் ஏறுமுன்னே தொடங்கிவிட்டோம். ஜெபல் அலியில் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி மைதானம். சீசன் ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். இருக்கிறவர்களையே இரண்டாகப் பிரித்தார்கள். நான் ஒரு பக்கம், ஷஃபீக் எதிர்ப் பக்கம். அர்பாப் பந்தலுக்குள் ரமோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வேலியோரம் பார்த்தால் மெர்லின் நிற்கிறாள். பக்கத்தில் ஜெனி.

"பரீட்சை முடிஞ்சு வீட்டுல சும்மாதானே கெடக்கா, வாடின்னு இழுத்துட்டு வந்தேன்" என்றாள் மெர்லின். ஜெனி போனைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, ஐ வில் டேக் வீடியோ" என்றாள். இத்தனை வருஷம் வராத பிள்ளை, நான் தோற்பதற்கென்று ஒதுக்கி வைத்த நாளில் வந்து நிற்கிறாள்.

இருந்தாலும் முடிவை மாற்றவில்லை. மட்டை பிடித்தபோது, தொடக்கூடாத பந்துக்கெல்லாம் வீசினேன். ஒவ்வொரு முறையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். நடிப்பதற்கு அதிகம் சிரமப்படவில்லை. ஷஃபீக் அடித்த பந்துகள் வேலியைப் போய் முட்டின. அர்பாப் ரமோனிடம் ஏதோ கேட்பதும் ரமோன் தலையை ஆட்டுவதும் தெரிந்தது.

தரையில் உருண்டு வரும் ஒரு பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுவிடுவது என்றும் திட்டம் வைத்திருந்தேன். எளிய பந்து ஒன்று வந்தது. இதுதான், விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து பார்த்தால் பந்து கிளவுஸுக்குள் இருக்கிறது. எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தும் விட்டேன். ராஜஸ்தான்காரர் வாரை ரொம்ப இறுக்கமாகத் தைத்துவிட்டார் என்று அப்போது அவர்மேல் எரிச்சல் வந்தது.

கடைசிச் சுற்று. ஷஃபீக் இடது பக்கம் ஒரு பந்தை அடித்தான். நல்ல அடி. முதல் பேஸைச் சுற்றிக்கொண்டு என்னை நோக்கி வருகிறான். நான் பேஸுக்குப் போய் நின்றேன். ஓரத்திலிருந்து பந்து எறியப்பட்டு வருகிறது. பந்துக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். கால் பேஸில் பட்டது. தெளிவாக அவன் பக்கம். எனக்கு உள்ளே ஒரு கட்டு அவிழ்ந்தது போல இருந்தது. முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது இப்போது சொல்கிற சொல். அதற்கெல்லாம் நேரம் இருந்ததா என்று தெரியவில்லை.

பந்து என் கிளவுஸில் வந்து விழுந்தது. ஷஃபீக் நிற்கவில்லை. பெஷாவர் தெருவில் ஓடியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேஸைத் தாண்டி ஓடினான். நாலைந்து அடி. ஜெயித்தவன் நடை. ஒரு கையைக் கூடத் தூக்கினான்.

நான் சும்மா நின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அவன் திரும்பி வந்து பேஸில் கால் வைக்க ஒரு மூச்சு நேரம் போதும். நான் பந்தைப் பார்ப்பது போல, சட்டையைச் சரிசெய்வது போல நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

என் கிளவுஸ் அவன் முதுகில் இருந்தது.

அம்பயர் கட்டைவிரலைத் தூக்கினார். ஷஃபீக் திரும்பிப் பார்த்தான். முதலில் என்னை, பிறகு தன் காலை, பிறகு அந்தப் பேஸை. அவனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பந்தலில் அர்பாப் எழுந்து நின்று கை தட்டினார். ரமோன் அவரிடம் சொன்னதை நாசர் இக்கா பிறகு எனக்குச் சொன்னார். அடிக்கிறவர்கள் விமானத்தில் வந்து இறங்குவார்கள், இந்த இடத்தில் நிற்கிற ஆள்தான் கிடைக்கமாட்டான் என்றாராம். அர்பாப் யோசிக்கவில்லை. "கலாஸ், முடிந்தது, இவன் இருக்கட்டும்" என்றுவிட்டார். அவர் தீர்ப்பு சொல்லி முடித்தபோது நான் இன்னும் மைதானத்தில்தான் நின்றிருந்தேன், பேஸ் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு.

6

ஷஃபீக் பெஞ்சில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? எனக்கு இந்த வேலை வேண்டாம்டா, உனக்கு விட்டுத்தரத்தான் வந்தேன் என்று சொன்னால், அதைவிட அவமானம் அவனுக்கு வேறு இல்லை. அவனே பேசினான்.

"அண்ணா, கலத்தி, தப்பு என்னோடது. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

அவன் அதை நல்ல மனசோடுதான் சொன்னான். விசிட் விசா முடிவதற்குள் அவன் பெஷாவருக்குப் போய்விட்டான். போகும் முன் தன் தண்ணீர்க் குடுவையை என் லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மறந்து வைத்தானா, எனக்கு விட்டுப் போனானா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கிங்ஸ்லிக்குப் போன் செய்தேன். "வர முடியல" என்றேன்.

"ஏல, தோக்கப் போறேன்னுல்லா சொன்ன?"

"தோக்க முடியலடா."

அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "சரி, சேர்மன்ட்ட வேற ஆளச் சொல்லுதேன்" என்றான். அந்த இடத்தில் ஒரு வாலிபால்காரர் சேர்ந்துவிட்டாராம்.

நேற்று விசா மெடிக்கலுக்குப் போய்விட்டு வந்தேன். இந்த நாட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும், விசா புதுப்பிக்கும்போதெல்லாம் ரத்தம் கொடுத்து, நெஞ்சைப் படம் பிடித்து, இன்னும் லாயக்கானவன்தான் என்று நிரூபிக்க வேண்டும். வரிசையில் எல்லாரும் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் கேட்டார்.

"ஸ்டோர் கீப்பர்?"

"ஆமாம்."

"மூச்சை இழுத்துப் பிடி" என்று உள்ளே இருந்தவர் சொன்னார். பிடித்தேன். விடச் சொல்ல அவர் மறந்துவிட்டாரோ என்று தோன்றும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் மீன் குழம்பு கொதிக்கிறது. மெர்லின் சந்தோஷமாக இருக்கிறாள், ஒளிவுமறைவில்லாத சந்தோஷம். பள்ளியில் ஜெனிக்குப் பதினொன்றில் கேட்ட பிரிவே கிடைத்துவிட்டது. "அந்தப் பையன் கோட்டை விட்டான், நீங்க பிடிச்சிட்டீய. கர்த்தர் நம்மளக் கைவிடல" என்றாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இதை அவள் படித்தால் தெரிந்துகொள்வாள். படித்துவிட்டு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முழங்காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஜெனி பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அவள் அப்படி வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இதத்தான் பாக்குறாங்க. திஸ் இஸ் மை டாட்னு போட்டேன். பாருங்க, ஸ்லோ மோஷன்ல பாருங்க."

பார்த்தேன். ஷஃபீக் ஓடி வருகிறான். கால் பேஸில் படுகிறது, தாண்டுகிறான், கை மேலே எழுகிறது. பின்னாலிருந்து என் கிளவுஸ் அவசரமே இல்லாமல் போய் அவன் முதுகைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஜெனி படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்து, என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

அதில் பதறுகிற ஒருத்தனைத்தான் நான் எதிர்பார்த்தேன். கைமீறிப் போய்விட்டதே என்று திகைத்து நிற்கிற ஒரு முகத்தை. அப்படி ஒருவன் அதில் இல்லை. வாயெல்லாம் பல்லாக, ஊரில் மணலில் ஆடிய நாளில்கூட நான் இப்படிச் சிரித்திருக்கமாட்டேன், அந்தப் பாவி அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒன்ஸ் மோர், அப்பா" என்று சொல்லி ஜெனி அதை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.